பாறு டாக்டரின் படத்தைத் திறக்குமுன்

அவைக்குத் தலைமை தாங்கும் பால் சங்கத் தலைவர் அவர்களே. அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, நான் வாயைத் திறக்குமுன்னே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட செயலாளர் அவர்களே. போன வாரம் வந்து பொறுப்பேற்று, அதற்குள் பாதி ஊரின் பசுக்களைப் பெயர் சொல்லி அழைக்கும் இளம் கால்நடை மருத்துவரே, மகளே. முதல் வரிசையில் முதுமையையும் முதுகுவலியையும் ஒருசேரச் சுமந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே. கறந்து, காய்ச்சி, கழுவிக் கவிழ்த்துவிட்டு, அலுப்பை அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே. நாற்காலி போதாமல் நின்றுகொண்டே கேட்கும் நண்பர்களே. கதவோரம் கட்டப்பட்டு, அழைப்பிதழே இல்லாமல் அனைவருக்கும் முன்னால் வந்துவிட்ட ஆட்டுக்குட்டியே. உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இன்னும் சற்று நேரத்தில் சிரிக்க முடியாமல் போகலாம், இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

அதோ அந்தச் சுவரில் பச்சைத் துணியால் மூடி ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். அந்தத் துணியின் கயிற்றை இழுக்க என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன் என்னை? செயலாளர் வீட்டுக்கு வந்து காரணம் சொன்னார். "ஊர்லயே வயசுல மூத்தவங்க நீங்க. உங்க எழுத்துக்கும் பேச்சுக்கும் இங்க ஈடு கிடையாது. டாக்டருக்கும் உங்க வீட்டு மேல தனி மரியாதை." வயது உண்மை. மறைக்க நினைத்தாலும் என் முழங்கால் மறைக்க விடாது. எழுத்தும் உண்மை. அந்த எழுத்து செய்த காரியத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அவரைப் பற்றி. யார் அவர்? இந்த ஊரில் பிறந்தவரா? இல்லை. இந்த ஊரில் பெண் எடுத்தவரா? இல்லை. இங்கே ஒரு முழ நிலமாவது வாங்கினாரா? அதுவும் இல்லை. இரண்டு பெட்டி, ஒரு மோட்டார் சைக்கிள், கழுத்தில் ஒரு தொலைநோக்கி. இவற்றோடு வந்தார். முப்பத்தொரு வருடம் இருந்தார். நான்கு மாதத்துக்கு முன் இதே ஊரின் மண்ணுக்குள் போனார்.

அவர் ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் இருந்தது. வயதானவர்களுக்கு நினைவிருக்கும். உங்கள் பிராணியை நீங்கள் பிடிக்கக் கூடாது. உங்களுக்குப் பின்னால் நிற்பவர் பிடிக்க வேண்டும். அவருடையதை நீங்கள் பிடிக்க வேண்டும். "சொந்தக்காரர் பிடிச்சா கை நடுங்கும். கை நடுங்கினா மாடு பயப்படும்" என்பார். அது மருத்துவக் காரணம். இன்னொரு காரணமும் இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. மரக்கடை அண்ணன் தம்பி இருவரும் ஒரு சுவருக்காக ஆறு வருடம் பேசாமல் இருந்தவர்கள். ஒருநாள் வரிசையில் அடுத்தடுத்து மாட்டிக்கொண்டார்கள். அண்ணன் கையில் தம்பியின் ஆடு. தம்பி கையில் அண்ணனின் எருமை.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தார். "உன் எருமை என் காலை மிதிக்குது."

"அது என்ன பண்ணும்? எங்க வீட்டுல எல்லாருக்குமே உன் மேல கோவம்" என்றார் அண்ணன்.

அப்போது சிரித்த சிரிப்பில் சுவர் போனது. அதோ, இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார்கள். என்ன? ஐந்து வருடம்தானா? சரி, ஐந்து வருடம். திருத்திக்கொள்கிறேன்.

அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் இந்த ஊரில் உண்டு. நான்தான். ஒருமுறை செருப்புத் தைப்பவரின் வெள்ளாட்டைப் பிடிக்கச் சொன்னார். "டாக்டர், நான் கான்வென்டில் படித்தவள்" என்றேன். அதை ஒரு தகுதிச் சான்றிதழ் போல நீட்டினேன். "ஆட்டுக்கு அது தெரியாதும்மா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் என் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவர்தான் என் வீட்டுக்கு வர வேண்டும், நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று வைத்துக்கொண்டேன். அவரும் வந்தார். முகம் கோணாமல் வந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் அவர்களே, கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. அதன் பேரில் விசாரணை நடந்தது. டாக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அந்தக் கடிதத்தை எழுதியவர் யார் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைக்கிறீர்கள். டாக்டரின் உதவியாளர், நாம் ஊசிக்காரர் என்று அழைத்த அந்த மனிதர், கூட இருந்தே குழி பறித்தார் என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லி வருகிறோம். அவர் இந்தக் கூடத்தில் கடைசி வரிசையில், ஜன்னல் பக்கம், மனைவியோடு உட்கார்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். என்னைப் பாருங்கள். பார்க்க வேண்டிய முகம் இதுதான்.

அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்.

சலசலப்பு அடங்கட்டும். காத்திருக்கிறேன்.

வயதாகிவிட்டது, கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது எனக்கு வசதியாகிவிடும், ஊசிக்காரருக்கு ஆகாது. ஆகவே நடந்ததை நாள் கிழமையோடு சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பசு. கன்று போட்டு மூன்று வாரம். ஒரு திங்கட்கிழமை காலை, கழுவிவிட்ட தொழுவத்தின் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்தது. பின்னங்காலை ஊன்ற முடியவில்லை. அது முனகிய முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது. என் கணவர் அப்போதே படுக்கையோடு படுக்கை. "டாக்டரைக் கூப்பிடும்மா, டாக்டரைக் கூப்பிடும்மா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்தார். ஊசிக்காரரும் வந்தார். இடுப்பைத் தொட்டுப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார். "எலும்பு முறியல. உள்ள அடி. நாலஞ்சு நாள்ல எழுந்துடும்" என்றார்.

"வலிக்கு ஊசி போடுங்கள்" என்றேன். எல்லோருக்கும் தெரிந்த ஊசி அது. போட்ட அரைமணியில் மாடு அமைதியாகிவிடும்.

"அந்த ஊசி இப்ப நான் போடறதில்லம்மா. வேற ஒண்ணு தர்றேன். மெதுவாத்தான் கேக்கும்."

"ஏன்?"

சொன்னார். பொறுமையாகச் சொன்னார். ஊருக்கு வெளியே பாறைக்குன்று இருக்கிறதல்லவா, செத்த மாடுகளை நாம் கொண்டுபோய்ப் போடும் இடம். அங்கே முப்பது நாற்பது பாறுகள் இருந்தன. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிப்போம். அவர் விடமாட்டார். "கழுகு வேற, பாறு வேறம்மா. இது உயிரோட இருக்கற எதையும் தொடாது. ஊருக்குத் துப்புரவு வேலை செய்யுது. சம்பளம் கேக்கறதில்ல, லீவு கேக்கறதில்ல." அதனால்தானே அவருக்குப் பாறு டாக்டர் என்றே பெயர் வந்தது. அந்த ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துப்போய், அதைப் பாறுகள் தின்றால், அவற்றின் சிறுநீரகம் கெட்டு அவையும் கூட்டம் கூட்டமாகச் சாகும். ஒரு மருத்துவ இதழில் படித்திருந்தார். மேலிடத்திலிருந்து தடை உத்தரவு எதுவும் அப்போது வந்திருக்கவில்லை. படித்த அன்றே தன் பையிலிருந்து அந்த மருந்தை எடுத்துவிட்டார்.

நான் கேட்டேன்: "அப்படியென்றால் என் மாடு சாகப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டீர்களா?"

"சாகாதும்மா. ஆனா எது சாகும், எது பொழைக்கும்னு ஊசி போடறப்ப எனக்குத் தெரியாதே. உங்க வீட்டுக்கு ஒரு நியாயம், அடுத்த வீட்டுக்கு ஒரு நியாயம்னு வெச்சுக்க முடியாதில்ல."

உங்களுக்கும் எனக்கும் இப்போது கேட்டால் எவ்வளவு நேர்மையான பதில். அன்று எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? என் வீடும் அடுத்த வீடும் ஒன்று என்று சொன்னதுதான் கேட்டது. ஆட்டைப் பிடிக்கச் சொன்ன அதே மனிதர்.

வைக்கோலை முழங்கால் உயரம் பரப்பினார். வெந்நீரில் சாக்கை நனைத்து ஒற்றடம் கொடுத்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசுவைப் புரட்டிப் போடச் சொல்லிக் காட்டினார். பிறகு கை கழுவிக்கொண்டு வெளியே போனவர், வேலியோரம் நின்றுவிட்டார். எங்கள் வீட்டு மரத்தில் ஒரு பாறு உட்கார்ந்திருந்தது. தலை தொங்கிப்போய், கழுத்து துவண்டுபோய். அதைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். உள்ளே என் பசு முனகுகிறது; வெளியே டாக்டர் பறவை பார்க்கிறார். சமையலறை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்காரர் ஒற்றடம் கொடுத்துக்கொண்டு தொழுவத்திலேயே இருந்தார். அவருக்கு டீ கொடுத்தேன். இரக்கத்தால் கொடுத்தேனா? இல்லை. வாயைப் பிடுங்குவதற்காகக் கொடுத்தேன்.

"வேறு யாருக்கெல்லாம் இந்த ஊசி போடவில்லை?"

அவர் சூதுவாது தெரியாதவர். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி சொன்னார். "யாருக்குமே போடலம்மா. சலவைக்காரர் கழுதைக்குப் போன மாசம் எட்டாம் தேதி கால் ஒடிஞ்சுது, போடல. மளிகைக்கடை எருமைக்கு மடி வீங்கிச்சு, போடல. எனக்கும் மனசு கேக்காதுதான். ஆனா ஐயா ஒண்ணு சொன்னா அதுல அர்த்தம் இருக்கும்மா."

அவர் சொல்லச் சொல்ல நான் எண்ணிக்கொண்டேன். பதினொன்று. பெயர், தேதி, என்ன காயம், எல்லாம். கடைசியில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பகல், என் கணவர் மருந்து சாப்பிட்டுத் தூங்கியதும், அவருடைய தட்டச்சு இயந்திரத்தில் அடித்தேன். கையால் எழுதவில்லை. என் கையெழுத்து ஊருக்கே தெரியும். பாதி ஊரின் மனுக்கள் என் கையால் எழுதியவை. உறையை நாக்கால் நனைத்து ஒட்டவில்லை, தண்ணீர் தொட்டு ஒட்டினேன். நாகரிகம் பாருங்கள். பெயர் போடவில்லை. பெயர் போட்டால் என் கணவரிடம் தலைகுனிய வேண்டும், ஊரில் பெயர் கெடும். அதில் ஒரு வாக்கியம் எழுதினேன். "வலியில் துடிக்கும் வாயில்லா உயிரை உள்ளே விட்டுவிட்டு, வேலியோரம் நின்று மரத்துப் பறவையை வேடிக்கை பார்க்கும் மருத்துவர் இவர்." இன்றும் எனக்கு மனப்பாடம். எழுதி முடித்ததும் எழுந்து ஜன்னல்வரை நடந்துவிட்டு வந்து மறுபடி படித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

சனிக்கிழமை காலை செவலை எழுந்து நின்றது.

நான்கு நாளும் அவர் தினம் மூன்று முறை வந்தார். தானே தோள் கொடுத்துப் புரட்டினார். சட்டையெல்லாம் சாணம். எழுந்து நின்ற பசுவின் முதுகில் கை வைத்து, "சொன்னேனில்லம்மா" என்று குழந்தை மாதிரி சிரித்தார். என் கணவரின் கட்டிலருகே போய், "ஐயா, உங்க பொண்ணு எழுந்துட்டா" என்றார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

கடிதம் போட்டது செவ்வாய். பசு எழுந்தது சனி. விசாரணைக்கு ஆள் வந்தது அடுத்த மாதம் பத்தாம் தேதி. நடுவில் எத்தனை நாள்? எத்தனை தபால்? ஒரு வரி போதாதா? "முன்பு எழுதியது தவறு" என்று மூன்று சொல் போதாதா? மூன்று சொல்லுக்கு என் தட்டச்சு இயந்திரத்தில் மையா இல்லை? மனம்தான் இல்லை.

விசாரணை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது. உங்களில் பலர் இருந்தீர்கள். அதிகாரி கடிதத்தை உரக்கப் படித்தார். நான் இரண்டாவது பெஞ்சில், மடித்த கைக்குட்டையோடு. மரத்துப் பறவை என்ற வரி வந்தது. அந்த இடத்தில் டாக்டர் தலை நிமிர்ந்தார். அரை நொடி. பிறகு குனிந்துகொண்டார். அந்த அரை நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்று அந்த வேலியோரம் அவர் நின்றதைப் பார்க்கக்கூடிய ஜன்னல் ஒன்றே ஒன்றுதான்.

"பதினோரு பிராணிகளுக்கு வலி மருந்து மறுத்தது உண்மையா?" என்று கேட்டார் அதிகாரி.

டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "பதினொண்ணு இல்ல சார், பதிமூணு. ரெண்டை விட்டுட்டாங்க. ஆனா பதிமூணுக்கும் வேற மருந்து குடுத்திருக்கேன்."

தன்னைக் குற்றம் சொல்லும் கடிதத்தில் தனக்கு எதிராகவே பிழை திருத்தினார். துல்லியம் துல்லியம் என்று வாழ்நாளெல்லாம் பிறர் எழுத்தின் தவற்றைச் சிவப்பு மையில் சுழித்தவள் நான். துல்லியம் என்றால் என்ன என்று அன்று அந்த வராந்தாவில் பார்த்தேன்.

"யார் எழுதியிருப்பாங்கன்னு சந்தேகம் உண்டா?"

"மாட்டு மேல பாசம் இருக்கறவங்க எழுதியிருக்காங்க சார். அதுக்கு மேல எனக்கு வேண்டாம்."

அப்போதுதான் டீக்கடைக்காரர், அவரும் இப்போது இல்லை, பின்னாலிருந்து சொன்னார். "நாள் கிழமையோட எழுதியிருக்கே. ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கறவன் சொல்லாம இது யாருக்குத் தெரியும்? டைப் மிஷினும் இங்கதான இருக்கு." எல்லாக் கண்களும் ஊசிக்காரர் பக்கம் திரும்பின. அவர் எழுந்து நின்றார். "நான் இல்லங்க" என்றார். டாக்டரும் எழுந்தார். "இவர் இல்ல. இதை நான் எங்க வேணா சொல்லுவேன்" என்றார். யார் நம்பினோம்? டாக்டர் பெரிய மனசு, காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று பேசிக்கொண்டோம்.

இதைக் கவனியுங்கள். நான் பொய் எழுதியிருந்தால் ஊசிக்காரர் தப்பியிருப்பார். பொய்யை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் தேதி தேதியாக உண்மையை எழுதினேன். அந்த உண்மைதான் அவர் கழுத்தில் விழுந்தது.

மாற்றல் உத்தரவு வந்தது. போவதற்கு இரண்டு நாள் முன் ஒரு பிற்பகல் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பசுவைப் பார்த்தார், என் கணவரிடம் சொல்லிக்கொண்டார், பிறகு முன்னறையில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் போறேன்மா. எனக்கு எங்க போனாலும் மாடு இருக்கும். அவர் இங்கதான் குடித்தனம் பண்ணணும். அவர் பேரு கெடுது."

ஊசிக்காரரைத்தான் சொன்னார். என்னைப் பார்க்கக்கூட இல்லை; ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று. காத்திருந்தார். நாற்காலி முனையில் உட்கார்ந்து காத்திருந்தார்.

"சர்க்கரை போதுமா?" என்று கேட்டேன்.

"போதும்மா" என்றார். குடித்து முடித்தார். போனார்.

இதைவிடக் கீழே ஒருத்தி போக முடியாது என்று நினைப்பீர்கள். போனேன். ஒரு மாதம் கழித்து ஊசிக்காரரின் மனைவி என்னைத் தேடி வந்தார். "அக்கா, உங்க எழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. எங்க வீட்டுக்காரர் அந்தக் கடுதாசிய எழுதலன்னு மேலிடத்துக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. ஊர்ல ஒருத்தர் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க. கடைக்குப் போனா பேச்ச நிறுத்தறாங்க. அவரு சரியா சாப்பிட்டே பல நாள் ஆவுது" என்றார்.

நாற்காலி போட்டேன். தாள் எடுத்தேன். எழுதிக் கொடுத்தேன். தாய்மார்களே, நான் அதை நன்றாக எழுதவில்லை. வேண்டுமென்றே நன்றாக எழுதவில்லை. இரண்டு எழுத்தும் ஒரே கை என்று மேலிடத்தில் யாராவது கண்டுகொள்வார்களோ என்று பயம். சப்பென்று, உயிரில்லாமல், யாரும் இரண்டாம் முறை படிக்கத் தோன்றாதபடி ஆறு வரி. பழி போட நான்கு பக்கம் எழுதிய கை, பழி துடைக்க ஆறு வரி எழுதியது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பதிலே வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு நாம் அவரை ஊசிக்காரர் என்று கூப்பிடுவதை நிறுத்தினோம். மொட்டை என்றோம். தலை நிறைய முடி உள்ள மனிதரை மொட்டை என்றோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விழிப்பார்கள், நாம் கண்ணடித்துக்கொள்வோம். அவர் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "காட்டிக்குடுக்கற வீடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திரும்பவே இல்லை. அந்தப் பெண் பிறகு நல்ல இடத்தில்தான் இருக்கிறாள். அது நம்மால் அல்ல, நம்மை மீறி.

பாறுகள் என்ன ஆயின? டாக்டரின் இடத்துக்கு அப்போது வந்தவர் கேட்டவர்க்கெல்லாம் அந்த ஊசி போட்டார். நாம் அவரை வாயாரப் புகழ்ந்தோம். இரண்டரை வருடம் கழித்து டாக்டர் தானே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். வந்த அன்று பெட்டியை இறக்குமுன் பாறைக்குன்றுக்குப் போனார். பிறகு எனக்குச் சொன்னவர் ஊசிக்காரர்தான். கூடப் போனவர் அவர் ஒருவரே. டாக்டர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தாராம். பிறகு கழற்றி உறைக்குள் போட்டு மூடினாராம். "எத்தனை ஐயா?" என்று கேட்டதற்கு, "வீட்டுக்குப் போலாம்" என்றாராம். இந்தக் கூடத்தில் இருபது வயதுக்குக் கீழ் உள்ள யாராவது இந்த ஊர் வானத்தில் ஒரு பாறு பறந்து பார்த்ததுண்டா? கை தூக்குங்கள். ஒரு கைகூட இல்லை. குன்றடியில் நாற்றமும் நாய்க்கூட்டமும்தான் மிச்சம். அதிலும் என் பங்கு உண்டு. அது வானத்தின் கணக்கு. என்னால் தீர்க்க முடியாது.

திரும்பி வந்த டாக்டர் பதினாறு வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் செவலைக்கு, பிறகு அதன் கன்றுக்கு. என் கணவர் போன பிறகும் வந்தார். ஒரு சொல் கேட்கவில்லை. ஒரு பார்வை பார்க்கவில்லை. ஊசிக்காரரை மட்டும் தன் பக்கத்திலேயே கடைசிவரை வைத்துக்கொண்டார். "என் கையே இவர்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். அதற்குமேல் அவர் என்ன செய்ய முடியும்? மீதி நான் செய்ய வேண்டியது. அவர் உயிரோடு இருக்கும்போது செய்திருக்க வேண்டியது. செய்யாமல், அவரைப் புதைத்த அன்று முன்வரிசையில் நின்று, அவர் கருணையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். நீங்கள் கண் கலங்கினீர்கள். ஊசிக்காரர் அன்றும் கூட்டத்தின் கடைசியில்தான் நின்றார்.

என்ன? தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். "படத்தைத் திறந்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்" என்று எழுதியிருக்கிறார். தலைவர் அவர்களே, பிறகு பிறகு என்று நான் பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டேன். இனி என்னிடம் அவ்வளவு பிறகு இல்லை.

அங்கே யார், "பழசு, விடுங்கம்மா" என்பது? விடலாம் தம்பி. உங்களை யாரும் மொட்டை என்று கூப்பிட்டதில்லை, அதனால் நீங்கள் விடலாம். அவர் விடலாமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஊசிக்காரர் அவர்களே, மன்னியுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. இத்தனை பேர் முன்னால் ஒரு கிழவி கேட்டால் நீங்கள் தலையாட்டித்தான் ஆக வேண்டும். அது இன்னொரு முறை உங்களை மடக்குவது. நான் கேட்பது வேறு. இந்தப் படத்தைத் திறக்க உரிமை உள்ள கை இந்தக் கூடத்தில் ஒன்றே ஒன்றுதான். டாக்டரே தன் கை என்று சொன்ன கை. மேடைக்கு வாருங்கள். வந்து கயிற்றை இழுங்கள்.

தலையை ஆட்டுகிறார். வர மாட்டேன் என்கிறார்.

அவர் மனைவி எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா. ஒலிபெருக்கி வேண்டாம், சத்தமாகச் சொல்லுங்கள், எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பின்னால் உள்ளவர்களுக்குக் கேட்டிருக்கும். முன்னால் உள்ளவர்களுக்கு நான் திருப்பிச் சொல்கிறேன். "அந்த மனுவையாவது கொஞ்சம் நல்லா எழுதியிருக்கலாமேக்கா" என்கிறார்.

எழுதியிருக்கலாம். எழுதியிருக்கலாம் அம்மா. எனக்கு எழுதத் தெரியும்.

இதற்கு மேல் என்னிடம் சொற்கள் இல்லை. இருந்தாலும் அவற்றை நம்பாதீர்கள். தலைவர் அவர்களே, படம் மூடியே இருக்கட்டும். அவர் என்றைக்கு வந்து இழுக்கிறாரோ அன்றைக்குத் திறந்தால் போதும். திறக்கவே மாட்டேன் என்றால் அதுவும் அவர் விருப்பம். இதுவரை பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், நின்றே கால் கடுத்த நண்பர்களுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். கை கொடுக்க யாரும் எழ வேண்டாம், செயலாளரே, நீங்களும் உட்காருங்கள். இந்த மேடைக்கு ஐந்து படிதான். அவர் மேலே வர வேண்டாம். நானே கடைசி வரிசைக்கு வருகிறேன்.

வணக்கம்.